பிரில்லியன்டீன்: பழைய காலத்துத் தலைமுடிப் பளபளப்பைப் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு

1920கள், 30களின் தலையலங்காரக் குறிப்பு எதை எடுத்தாலும் கடைசி வரி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். முடியை நனை, அலை போடு, காய விடு, பிரஷ் போடு, அப்புறம் சிறிது பிரில்லியன்டீன் தடவி முடி. அது என்ன பொருள், எந்தக் கடையில் கிடைக்கும், எவ்வளவு தடவ வேண்டும் என்று ஒரு வார்த்தை இருக்காது. அந்தக் காலத்தில் எல்லா வீட்டு அலமாரியிலும் ஒரு புட்டி இருந்தது, அதனால் யாரும் விளக்கவில்லை. நம் சமையல் குறிப்பில் "தாளிக்கவும்" என்று ஒரு சொல்லோடு விட்டுவிடுவதைப் போலத்தான்.

நான் இதற்குள் வந்தது நாடக ஒப்பனை வழியாக. 1930களில் நடக்கும் ஒரு நாடகம். கதாநாயகனுக்குப் பக்க வகிடு எடுத்துப் படிய வாரிய, மினுங்குகிற தலை வேண்டும் என்றார் இயக்குநர். நானும் தேடிப்பிடித்து ஒரு புட்டி வாங்கி, பையனின் முடி படியவில்லையே என்று ஊற்றிக்கொண்டே போனேன். விளக்கு போட்டதும் பார்த்தால் எண்ணெய்ச் சட்டியில் விழுந்து எழுந்தவன் மாதிரி நிற்கிறான். முன்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அன்றைக்குக் கற்றது இன்றுவரை உதவுகிறது: பிரில்லியன்டீன் பளபளப்புக்கு மட்டும்தான். முடியைப் பிடித்து நிறுத்துவது அதன் வேலையே இல்லை. கீழே நான் சொல்லப்போவதில் பாதிக்கு மேல் இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

சொல்லும் பொருளும்

பிரெஞ்சில் 'பிரியான்' என்றால் ஒளிர்வது, மின்னுவது. அதிலிருந்து வந்த பெயர்தான் பிரில்லியன்டீன். எழுத்தைப் பார்த்து 'டைன்' என்று முடிப்பவர்கள் உண்டு. ஆங்கிலத்தில் 'டீன்' என்றுதான் முடியும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புழக்கத்துக்கு வந்தபோது ஆண்களின் தாடி மீசையை மிருதுவாக்கிப் பளபளக்க வைப்பதும் இதன் முக்கியமான வேலையாக இருந்தது. பிறகு ஆண் பெண் இருவர் தலைக்கும் வந்துவிட்டது.

பழைய இதழ்களில் இந்தச் சொல்லைத் தேடும்போது ஒரு குழப்பம் வரும். "பிரில்லியன்டீன் பாவாடை" என்று துணிக்கடை விளம்பரம் கண்ணில் பட்டால் திகைக்க வேண்டாம். பருத்தி இழையோடு அங்கோரா ஆட்டின் ரோமத்தைச் சேர்த்து நெய்த, பளபளப்பான மெல்லிய துணிக்கும் அதே பெயர்தான். இரண்டுக்கும் உள்ள ஒரே உறவு மினுமினுப்பு.

தலைக்குப் போடும் பிரில்லியன்டீனை இப்படிப் புரிந்துகொள்ளலாம். வாசனையும் சில சமயம் நிறமும் சேர்த்த எண்ணெய். அலங்காரம் முடிந்த பிறகு கடைசியாக, மிகக் கொஞ்சமாகத் தடவுவது. நம் வீட்டில் தலைக்கு எண்ணெய் வைப்பதிலிருந்து இது வேறுபடும் இடமும் அதுதான். நாம் எண்ணெயை மயிர்க்காலில் படும்படி தேய்ப்போம். குளிர்ச்சிக்கு, முடி வளர, அல்லது அம்மா சொன்னதற்காக. பிரில்லியன்டீன் தலைத்தோலைத் தொடவே கூடாது. முடியின் மேற்பரப்பில் ஒரு மெல்லிய படலமாக நின்றால் போதும்.

அந்தப் படலம் எப்படி மினுங்குகிறது? முடியின் வெளிப்பக்கம் மீன் செதிலைப் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்த அடுக்குகளால் ஆனது. செதில்கள் தூக்கிக்கொண்டு நின்றால் வெளிச்சம் நாலா பக்கமும் சிதறி முடி மங்கலாகத் தெரியும். எண்ணெய் அந்த இடுக்குகளை நிரப்பி மேற்பரப்பைச் சமமாக்கினால் வெளிச்சம் ஒரே பக்கமாகத் திரும்பி வரும். அதற்கு ஒரு மெல்லிய பூச்சு போதும். மேலே மேலே ஊற்றினால் பளபளப்பு கூடாது. முடிகள் ஒட்டிக் கொத்துக் கொத்தாகிவிடும்.

உறவுக்காரர்களைப் பிரித்தறிவது

பழைய குறிப்புகளில் வேறு சில பெயர்களும் அடிக்கடி வரும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால் வேலை கெடும்.

பொமேட் என்பது கெட்டியான பசை. லத்தீனில் ஆப்பிளைக் குறிக்கும் சொல்லிலிருந்து இத்தாலி, பிரான்சு வழியாக வந்த பெயர். ஆரம்பகாலக் களிம்புகளில் ஆப்பிளும் சேர்ந்திருந்தது. ஒரு காலத்தில் ஐரோப்பாவில் கரடிக் கொழுப்பில்கூடப் பொமேட் செய்து விற்றார்கள். பிறகு வாஸ்லினும் மெழுகும் அந்த இடத்தைப் பிடித்தன. பொமேட்டில் மெழுகு அதிகம், ஆகவே பிடிப்பு உண்டு. அமெரிக்காவில் 1920களில் சிகாகோவில் தொடங்கிய மர்ரேஸ் பொமேட் இன்றும் டப்பாவில் கிடைக்கிறது. விரலால் தோண்ட முடியாத கெட்டி. மலேசியா, சிங்கப்பூரில் இருக்கும் நம் ஆட்களில் மூத்தவர்களுக்கு டான்சோ என்ற பெயர் நினைவிருக்கும். அது ஜப்பானியப் பொமேட்; 1933இல் குச்சி வடிவில் வந்தது. உச்சந்தலை சிவந்த ஒரு கொக்கின் பெயரைத்தான் அதற்கு வைத்திருந்தார்கள்.

மக்காசர் எண்ணெய் பிரில்லியன்டீனுக்கும் முந்தையது. லண்டனில் ரோலண்ட் என்ற நிறுவனம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைப் பெரிதாக விளம்பரம் செய்து விற்றது. இந்தோனேசியாவின் மக்காசர் துறைமுகத்தின் பெயரை வைத்துக்கொண்டது. இந்த எண்ணெய்த் தலைகள் சாய்ந்து சாய்ந்து நாற்காலிகள் பாழானதால், சாயும் இடத்தில் போர்த்த ஒரு துணி வந்தது. அதற்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரே 'ஆன்டிமக்காசர்', அதாவது மக்காசர் தடுப்பு. ரயில் சேர் காரில் தலை படும் இடத்தில் மாட்டியிருக்கும் வெள்ளை உறை அந்த வம்சம்தான். நம் வீட்டு சோபாவின் மேல் போடுகிற லேஸ் துணியும்.

பிரில்கிரீம் நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். 1928இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் வந்தது. தண்ணீரையும் கனிம எண்ணெயையும் தேன்மெழுகு கொண்டு பிரியாமல் சேர்த்த வெண்ணெய் போன்ற கிரீம். பிரில்லியன்டீனைவிடக் கொஞ்சம் பிடிப்பு உண்டு, பொமேட்டைவிடக் குறைவு. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படை வீரர்களுக்குப் 'பிரில்கிரீம் பையன்கள்' என்ற பட்டப்பெயரே இருந்தது. 1950களில் அமெரிக்க விளம்பரப் பாட்டு, ஒரு துளி போதும் என்று திரும்பத் திரும்பச் சொன்னது. விற்கிறவனே கொஞ்சமாகப் போடு என்று சொல்கிறான் என்றால் மக்கள் எவ்வளவு அள்ளிப் பூசியிருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மிச்சமிருப்பது செட்டிங் லோஷன். இதில் எண்ணெயே இல்லை. ஆளிவிதை, குயின்ஸ் பழ விதை, மரப்பிசின் போன்றவற்றைத் தண்ணீரில் ஊறவைத்தோ வேகவைத்தோ எடுக்கும் வழுவழுப்பான நீர். காய்ந்தால் விறைக்கும். அலையையும் சுருளையும் பிடித்து வைப்பது இதுதான். அலங்காரம் கட்டும்போது செட்டிங் லோஷன், கட்டி முடித்த பிறகு பிரில்லியன்டீன். இந்த வரிசை மாறவே கூடாது.

புட்டிக்குள் இருப்பது

பழைய செய்முறைகளில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் விளக்கெண்ணெய். ஆல்கஹாலில் நன்றாகக் கரைகிற தாவர எண்ணெய் எது என்று கேட்டால் முதலில் நிற்பது அதுதான். தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ அப்படிக் கரையாது. விளக்கெண்ணெயில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு இருக்கும் ரிசினோலிக் அமிலம் ஆல்கஹாலோடு ஒட்டிக்கொள்ளும் அமைப்பு உடையது. அதனால் விளக்கெண்ணெயை வாசனை சேர்த்த ஆல்கஹாலில் கரைத்தால் தெளிவான, மெல்லிய திரவம் கிடைக்கும். தடவியதும் ஆல்கஹால் ஆவியாகிப் பறந்துவிடும். கையால் பரப்பவே முடியாத மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும் முடியில் தங்கும். நம் பாட்டிகள் வயிற்றைச் சுத்தம் செய்யக் கொடுத்த அதே எண்ணெய் பாரிஸ் கனவான்களின் மீசையில் மினுங்கியிருக்கிறது!

பின்னால் மலிவான கனிம எண்ணெய் வந்தது. பெட்ரோலியத்திலிருந்து எடுத்துச் சுத்திகரித்த, நிறமும் மணமும் இல்லாத லிக்விட் பாரஃபின். இது கெட்டுப்போகாது, காறல் வாடை அடிக்காது. ஆனால் ஆல்கஹாலில் கரையாது. ஆகவே அந்தப் புட்டிகளில் எண்ணெய் ஓர் அடுக்காகவும் ஆல்கஹால் ஓர் அடுக்காகவும் பிரிந்து நிற்கும். நன்றாகக் குலுக்கி, உடனே கையில் ஊற்றித் தடவ வேண்டும். பழைய குறிப்பில் "குலுக்கிப் பயன்படுத்துக" என்று இருந்தால் காரணம் இதுதான். ஆல்கஹாலே இல்லாமல் வெறும் கனிம எண்ணெயில் வாசனை சேர்த்ததும் பிரில்லியன்டீன் என்ற பெயரில் விற்றது; இன்று அந்தப் பெயரில் கிடைப்பதில் பெரும்பாலானவை இந்த வகை.

கெட்டி பிரில்லியன்டீன் என்றும் ஒன்று உண்டு. வாஸ்லினோடு சிறிது மெழுகு சேர்த்து டப்பாவில் ஊற்றியது. இதற்கும் மிருதுவான பொமேட்டுக்கும் எல்லைக்கோடு போட என்னால் முடிந்ததில்லை. தயாரித்தவர்களும் போட்டதாகத் தெரியவில்லை. விரலில் எடுத்ததும் உருகி ஓடினால் நான் பிரில்லியன்டீன் கணக்கில் வைப்பேன், உள்ளங்கையில் தேய்த்துச் சூடேற்ற வேண்டியிருந்தால் பொமேட் கணக்கில்.

வாங்கும்போது

டப்பாவின் முன்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்பதை விட்டுவிடுங்கள். "விண்டேஜ்" என்ற சொல்லுக்கு இன்று எந்த அர்த்தமும் இல்லை. பின்பக்கப் பட்டியலைத் திருப்பிப் பாருங்கள். எடையில் அதிகமாக இருப்பதுதான் அதில் முதலில் வரும்.

பாரஃபினம் லிக்விடம் அல்லது மினரல் ஆயில் முதலில் நின்றால் அது உண்மையான பிரில்லியன்டீன் குடும்பம். பெட்ரோலேட்டம் (வாஸ்லின்) முதலில் வந்து, அடுத்து செரா ஆல்பா (தேன்மெழுகு) அல்லது மைக்ரோகிரிஸ்டலின் மெழுகு இருந்தால் பொமேட். ரிசினஸ் கம்யூனிஸ் என்பது விளக்கெண்ணெய். ஆக்வா, அதாவது தண்ணீர், முதலில் நின்றால் கிரீமாகவோ தண்ணீரில் கழுவக்கூடிய பொமேட்டாகவோ இருக்கும். பட்டியலில் பிவிபி என்று கண்டால் அது ஜெல் வகை, காய்ந்து விறைக்கும். நாம் தேடுவது அதுவல்ல.

கடையில் எதுவும் கிடைக்கவில்லையா? கவலைப்பட வேண்டாம். மருந்துக்கடையில் லிக்விட் பாரஃபின் கேளுங்கள். மலச்சிக்கலுக்கு விற்கிற கலவை மருந்து வேண்டாம், சுத்தமான எண்ணெய் மட்டும். அதுவே வாசனை இல்லாத பிரில்லியன்டீன். நாடகத்துக்கு நான் பெரும்பாலும் இதைத்தான் எடுத்துப் போகிறேன். மேடையில் வாசனை யாருக்குத் தெரியப்போகிறது?

ஏலத்திலோ பழம்பொருள் கடையிலோ எண்பது வருடத்துப் புட்டி பாதி நிறைந்து கிடைத்தால் வாங்கி அலமாரியில் அழகாக வையுங்கள். தலையில் போடாதீர்கள். தாவர எண்ணெய் காறிப்போயிருக்கும், வாசனைப் பொருள்கள் சிதைந்து தோலை அரிக்கக்கூடியவையாக மாறியிருக்கும். அந்தக் காலக் கனிம எண்ணெயின் சுத்திகரிப்பும் இன்றைய தரத்தில் இருக்காது.

குட்டை முடிக்கு: பக்க வகிடும் பளபளத் தலையும்

முதலில் தலைக்குக் குளித்து ஈரத்தைத் துண்டால் ஒற்றி எடுங்கள். முழுதாகக் காய வேண்டாம். தொட்டால் குளிர்ச்சி தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. முடி வளைந்துகொடுப்பது இந்த நிலையில்தான். காய்ந்த முடியை எண்ணெயால் படிய வைக்கப் பார்ப்பதுதான் நான் செய்த தவறு.

வகிட்டை இப்போதே எடுத்துவிடுங்கள். புருவம் வளைகிற உச்சியிலிருந்து நேராகப் பின்னால் போகும் கோடு பலருக்குப் பொருந்தும். உச்சிச் சுழி எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அதற்கு எதிராக வகிடு எடுத்தால் பின்னால் குடுமி மாதிரி ஒரு கொத்து நின்றுகொண்டே இருக்கும். எத்தனை எண்ணெய் போட்டாலும் அது படியாது. நெருக்கமான பல் சீப்பால் வாரி, விரும்பிய வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்.

முடி அடங்காத ரகம் என்றால் பிரில்லியன்டீனுக்கு முன்னால் பிடிப்புக்கு ஏதாவது வேண்டும். ஒரு சிட்டிகை பொமேட்டோ கொஞ்சம் பிரில்கிரீமோ போட்டு வாரி, பத்து நிமிடம் விடுங்கள். மெல்லிய, நேரான முடிக்கு இந்தப் படியே தேவையில்லை.

பிறகு உள்ளங்கையில் மூன்று சொட்டு பிரில்லியன்டீன். ஆம், மூன்று. இரண்டு கையையும் சேர்த்து, விரல் இடுக்கிலும் படும்படி தேய்த்துக்கொள்ளுங்கள். கை மினுங்க வேண்டும், வழியக் கூடாது. முதல் தொடல் பின்தலையில் இருக்கட்டும். கையில் அதிகம் இருந்தால் அங்கே யாருக்கும் தெரியாது. அப்புறம் பக்கவாட்டில், கடைசியாக நெற்றி ஓரத்தில். கையை வாரும் திசையிலேயே தட்டையாக இழுங்கள். கோதிவிடாதீர்கள். இறுதியாகச் சீப்பால் மேலோட்டமாக ஒரு வாரல், அதாவது சீப்பின் பல் தலைத்தோலைத் தொடாமல்.

கண்ணாடியில் பார்த்துவிட்டுப் போதவில்லை என்றால் இன்னும் ஒரு சொட்டு. அதற்குமேல் கேட்டால் முடிவெட்டுதான் சரியில்லை, சலூனுக்குப் போங்கள்.

நீள முடிக்கு: அலையும் சுருளும்

பிரில்லியன்டீன் உண்மையில் தன் மதிப்பைக் காட்டுவது இங்கேதான். 1920களின் ஒட்டிய தலையை எடுத்துக்கொள்ளுங்கள். பாரிஸில் ஆடிப் புகழ்பெற்ற நடனக் கலைஞர் ஜோசஃபின் பேக்கரின் குட்டை முடி அரக்கு பூசியது மாதிரி மின்னும். அவர் பெயரிலேயே 'பேக்கர்ஃபிக்ஸ்' என்று ஒரு தலைப்பசை விற்பனைக்கு வந்தது. அந்த அளவு ஒட்டலுக்குப் பசை வேண்டும். ஆனால் 30கள், 40களின் அலை அலையான தலைக்கு முடி அசைய வேண்டும், அசையும்போது மினுங்க வேண்டும். அதற்குத்தான் பிரில்லியன்டீன்.

வேலை முதல் நாள் இரவே தொடங்குகிறது. ஆளிவிதை கால் கோப்பையை இரண்டு கோப்பைத் தண்ணீரில் போட்டு, முட்டை வெள்ளைக்கரு மாதிரி வரும்வரை மிதமான தீயில் கொதிக்கவிட்டு, சூடாக இருக்கும்போதே வடிகட்டுங்கள். ஆறினால் துணியில் இறங்காது. இதுதான் செட்டிங் லோஷன். ஈர முடியில் தடவி, இரண்டு விரல் அகலப் பாகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் நுனியிலிருந்து சுருட்டிக்கொண்டே வந்து தலையோடு தட்டையாக வைத்து கிளிப் போடுங்கள். நாணயத்தைத் தலையில் ஒட்டிவைத்த மாதிரி இருக்க வேண்டும். ஒரு வரிசைச் சுருள்கள் வலஞ்சுழியாகவும் அடுத்த வரிசை இடஞ்சுழியாகவும் இருந்தால் பிரித்துவிடும்போது அலை தானாக வரும்.

முழுதாகக் காய வேண்டும். சென்னை ஆடி மாதக் காற்றுக்கு ஓர் இரவு போதும், கார்த்திகை மழைக்குப் போதாது. சந்தேகமாக இருந்தால் ஒரே ஒரு சுருளைப் பிரித்துப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் திரும்பச் சுருட்டிவிடுங்கள். இந்தக் கட்டத்தில் எண்ணெய் ஒரு துளிகூடக் கிட்டே வரக் கூடாது. எண்ணெய் பட்ட முடியில் செட்டிங் லோஷன் ஒட்டாது, சுருள் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

காய்ந்ததும் கிளிப்புகளை எடுத்தால் ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கும். பயந்துவிடாதீர்கள். புதியவர்கள் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் கண்ணாடியைப் பார்த்துவிட்டுத் திரும்பத் தலைக்குக் குளிக்கப் போகிறார்கள். அடர்ந்த மயிர் பிரஷ்ஷை எடுத்து நன்றாக, துணிந்து வாருங்கள். ஐந்து நிமிடமாவது. முடி முதலில் புஸ்ஸென்று பொங்கும். அப்புறம் சுருள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய அலைகளாகும்.

இந்தப் பொங்கலை அடக்கத்தான் பிரில்லியன்டீன். ஐந்தாறு சொட்டைக் கையில் தேய்த்து, அந்தக் கையைப் பிரஷ்ஷின் மேல் தடவுங்கள். தலையில் நேராகக் கை வைக்க வேண்டாம். அதே பிரஷ்ஷால் காதுக்குக் கீழே உள்ள முடியிலிருந்து ஆரம்பியுங்கள். ஒவ்வொரு வாரலுக்குப் பின்னும் மறு கையால் அலையின் பள்ளத்தை அழுத்திக்கொடுங்கள். பறக்கும் முடிகள் ஒன்றொன்றாக அலைக்குள் போய் உட்கார்வதைப் பார்ப்பதே ஒரு சுகம். வேர்ப்பக்கம் மூன்று விரல் தூரத்துக்கு எண்ணெய் போகாமல் பார்த்துக்கொண்டால் மாலைவரை அலை தாங்கும். வேரில் பட்டால் எண்ணெயின் கனத்தில் மதியத்துக்குள் தலை தட்டையாகிவிடும்.

ஏற்கெனவே நன்றாகச் சுருண்ட முடி உடையவர்களுக்கு பிரஷ் போடும் வேலை இல்லை. அவர்கள் ஈரம் இருக்கும்போதே நுனிகளில் சில சொட்டுகள் தடவி, கையால் அமுக்கிவிட்டால் போதும். இந்த வகை முடி எண்ணெயை நன்றாகத் தாங்கும், சொட்டுக் கணக்கை இரட்டிப்பாக்கலாம்.

வீட்டிலேயே செய்ய

ஆல்கஹால் கலந்த பழைய வகையை வீட்டில் செய்யப் போகாதீர்கள். கடையில் கிடைக்கும் ஸ்பிரிட் பெரும்பாலும் விஷம் சேர்த்தது, தீயும் பிடிக்கும். கெட்டி வகை எளிது.

தேங்காய் எண்ணெய் 50 கிராம், விளக்கெண்ணெய் 30 கிராம், தேன்மெழுகு 15 கிராம். மூன்றையும் ஒரு கண்ணாடிக் குவளையில் போட்டு, அதைக் கொதிக்கும் தண்ணீருள்ள பாத்திரத்துக்குள் நிறுத்துங்கள். அடுப்பில் நேராக வைக்க வேண்டாம். தேன்மெழுகு உருக 62 டிகிரிக்கு மேல் வேண்டும்; பொறுமையாக இருந்தால் தானே கரையும். தெளிந்ததும் இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு வேண்டுமானால் லாவண்டர் எண்ணெய் ஐந்து சொட்டு. ஈரமில்லாத டப்பாவில் ஊற்றி அசைக்காமல் விட்டுவிடுங்கள்.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரியைத் தாண்டினாலே உருகிவிடும். ஆகவே சித்திரை வெயிலில் இந்த டப்பா கூழாகும். அப்போது மெழுகை 20 கிராமாக்குங்கள். கொடைக்கானலிலோ லண்டனிலோ இருப்பவர்கள் 10 கிராமாகக் குறைக்கலாம். விளக்கெண்ணெயோடு லிக்விட் பாரஃபினைச் சேர்த்தால் இன்னும் பளபளக்குமே என்று சிலருக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. இரண்டும் ஒன்றோடொன்று சேராது, ஆறியதும் பிரிந்து நிற்கும். விளக்கெண்ணெய் தாவர எண்ணெய்களோடுதான் இணக்கமாகப் போகும்.

இதன் பளபளப்பு கனிம எண்ணெயின் அளவு வராது. தேங்காய் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக முடிக்குள்ளேயே இறங்கிவிடும். கனிம எண்ணெய் உள்ளே போகாமல் மேலேயே நிற்கும். முடிக்கு ஊட்டம் என்று பார்த்தால் அது குறை. கண்ணாடி மாதிரி மினுங்க வேண்டும் என்றால் அதுவே நிறை.

கழுவுவதும் கவனிக்க வேண்டியதும்

கனிம எண்ணெய் வெறும் தண்ணீருக்கு அசையாது. தலையை நனைக்கும் முன்பே, காய்ந்த முடியில் ஷாம்பூவைத் தேய்த்து எண்ணெயோடு கலக்கவிட்டு, பிறகு தண்ணீர் ஊற்றுங்கள். இன்னொரு முறை ஷாம்பூ போட்டால் போய்விடும். கெட்டிப் பொமேட் போட்டிருந்தால் முதலில் தேங்காய் எண்ணெயைத் தேய்த்து மெழுகை இளக்கிக்கொள்ளுங்கள். எண்ணெயை எண்ணெயால்தான் எடுக்க வேண்டும். வீட்டில் செய்த தாவர எண்ணெய் வகைக்குச் சீயக்காயே போதும். வாஸ்லின் வகைக்கு என் அனுபவத்தில் அது போதவில்லை.

நெற்றியிலும் கன்னப்பொறியிலும் சின்னச் சின்னப் பருக்கள் வரிசையாக வந்தால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம். 1970இல் அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் இதைப் 'பொமேட் பரு' என்றே பெயரிட்டு எழுதினார்கள். தலைக்குப் போடும் எண்ணெய் முடி ஓரத் தோலின் துளைகளை அடைப்பதால் வருவது. தடவிய பிறகு நெற்றி ஓரத்தை ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்துவிடும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பருக்கள் வந்துவிட்டால் சில வாரங்கள் எதையும் தொடாமல் இருங்கள். பொடுகு அதிகம் உள்ளவர்கள் வேரில் படாமல் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

எண்ணெய் போட்ட முடியில் சூடான கர்லிங் இரும்பை வைக்காதீர்கள். முடியோடு சேர்த்து எண்ணெயும் பொரியும். சூட்டுக் கருவி முதலில், பிரில்லியன்டீன் கடைசியில். பாரஃபின் ஊறிய துணி சாதாரணத் துணியைவிட வேகமாகத் தீப்பிடிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். தலை துவட்டிய துண்டையும் தலையணை உறையையும் நல்ல சூடான தண்ணீரில் சோப்புப் பொடி போட்டுத் துவைத்துவிடுங்கள். அந்தத் தலையோடு அடுப்புப் பக்கமும் குத்துவிளக்குப் பக்கமும் குனியாதீர்கள்.

தூங்கும்போது தலையணைமேல் ஒரு பழைய பருத்தித் துண்டை விரித்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு ஆன்டிமக்காசர்.